மூன்றாவது மாடிக்கு ஏற்ற நாய்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு ‘பிரேக்கு’ என்று பெயர் வைத்தது சக ஆசிரியர்கள்தான். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்கள் ஆபத்துக்குத்தான் அதை மிதிப்பார்கள். இவளோ சாலையைத் தாண்டி ஒரு குருவி பறந்தால்கூட மிதித்துவிடுவாள். ஆனால் ஒருநாளும் யாரிடமும் கத்தியதில்லை. “கிளச்சை விடுங்க. மெதுவா. இன்னும் மெதுவா. தூங்குற குழந்தை கைக்குள்ள மாட்டின விரலை உருவுற மாதிரி” என்பாள். அதனால் பயந்தவர்கள், வயதானவர்கள், தேர்வில் கோட்டை விட்டவர்கள் எல்லாரும் தேடிவந்து அவளிடமே சேர்ந்தார்கள். இருபத்துமூன்று வயதில் தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களுக்கெல்லாம் அவள் டீச்சர்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நாய்ப் பைத்தியம். தெருவில் எந்த நாயைப் பார்த்தாலும் கால் தானாக நின்றுவிடும். ஆனால் வீட்டில் நாய் என்ற பேச்சை எடுத்தாலே அப்பாவுக்கு முகம் மாறிவிடும். அதற்குக் காரணம் இருந்தது. அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய், தோட்டத்து மூலையில் குனிந்து, குழாய் மூடியைத் திறந்து எண்ணைப் பார்க்க வேண்டும். அப்படிக் குனிந்திருக்கும் மனிதனைக் கண்டால் சில நாய்களுக்கு என்னவோ ஆகிவிடும். கடி வாங்கிய கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. எல்லாமே பின்பக்கக் கதைகள் என்பதால் விருந்தாளிகள் முன்னால் அவர் அவற்றைச் சொல்வதில்லை.

முன்பு இருந்த வீட்டில் வீட்டுக்காரரும் நாய் கூடாது என்று சொல்லியிருந்தார். புது வீடு அப்படியில்லை. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு கூடம். நாயோ குதிரையோ வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் ஆணி மட்டும் அடிக்காதீர்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிரேக்கு ஒற்றைக்காலில் நின்றாள்.

“ஹஸ்கிதான் வேணும்” என்றாள். யாரோ ஒரு மாணவன் தன் ஃபோனில் காட்டிய படம்தான் காரணம். பனிக்கட்டி மாதிரி நீலக்கண், ஓநாய் மாதிரி முகம். அந்தப் படத்தையே தன் ஃபோனிலும் வைத்துக்கொண்டு, சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

அம்மா ரொட்டிக்கடையில் வேலை செய்பவள். விடியும் முன் போய் மத்தியானம் திரும்பிவிடுவாள். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “கண்ணு அழகாத்தான் இருக்கு. இதை யாரு மூணு மாடி இறக்கி ஏத்துறது?” என்றாள்.

“நான்தான்மா.”

“நீ வேலைக்குப் போனப்புறம்?”

பிரேக்கு அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். உள்ளிருந்தே குரல் வந்தது. “சின்னதா, குரைக்காததா, கடிக்காததா, முடி கொட்டாததா, மேல தாவாததா ஒண்ணு இருந்தா பாரு பாப்பா. யோசிக்கலாம்.”

“அப்பா, அதுக்குப் பேரு பொம்மை.”

“அதையே வாங்கு.”

ஆனாலும் யோசிக்கலாம் என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டது. பிரேக்கு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அவளிடம் ஒரு கால்நடை மருத்துவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். நாய் டாக்டர் என்றுதான் அந்தப் பக்கத்தில் அவரைச் சொல்வார்கள். கடிக்க வரும் நாயின் வாய்க்குள் கையை விட்டு முள்ளை எடுக்கிற மனிதர். ஆனால் ஸ்டீயரிங்குக்கு முன்னால் பயந்தாங்கொள்ளி. ஏற்கெனவே இரண்டு தடவை தேர்வில் தோற்றிருந்தார். எதிரே பேருந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

“சார், கண்ணைத் திறந்து ஓட்டினா இன்னும் நல்லா இருக்கும்” என்றாள் பிரேக்கு, பிரேக்கை மிதித்தபடி.

“தெரியுது டீச்சர். கண்ணுதான் கேக்க மாட்டேங்குது.”

ஒருநாள் சந்தைத் தெரு முனையில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்தவர்கள் ஹாரனை அலறவிட்டபோது, அவரைச் சமாதானப்படுத்துவதற்காக அவள் பேச்சை மாற்றினாள். “சார், நான் ஹஸ்கி வளர்க்கலாம்னு இருக்கேன்.”

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். “எத்தனாவது மாடி?” என்று கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

“மூணு.”

“லிஃப்ட்?”

“இல்ல.”

“வெயில் காலத்துல வீடு எப்படி?”

“அடுப்பு மாதிரி.”

“அதுக்கு ஒடம்புல ரெண்டு போர்வை முடி. பனியில நாள் முழுக்க வண்டி இழுக்கப் பிறந்தது. அதை அடுப்புல வெச்சுட்டு நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போனா, சோபாவைத் தின்னும். அப்புறம் கதவைத் தின்னும். அப்புறம் ஊளையிடும்.” சொல்லிக்கொண்டே கியரை மாற்றி, தள்ளுவண்டி ஒன்றைச் சுற்றி வளைத்து, எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டு, பிரதான சாலையில் ஏறிவிட்டார்.

பிரேக்குவுக்கு ஹஸ்கி கைநழுவிப் போன வருத்தம் ஒரு பக்கம். ஆனால் அவள் கால் இத்தனை நேரம் பிரேக்கைத் தொடவே இல்லை. நாயைப் பற்றிப் பேசினால் இந்த மனிதர் நன்றாக ஓட்டுகிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நாய் என்று ஆகிவிட்டது. சுற்றுச்சாலை முழுக்க லாப்ரடார் பேசினார்கள். தங்கமான குணம், ஆனால் கொட்டுகிற முடியில் இன்னொரு லாப்ரடார் செய்யலாம், வயதானால் இடுப்பு போகும், அந்தக் கனத்தை யார் மூன்று மாடி தூக்குவது என்றார் டாக்டர். பின்பக்கமாக வண்டியை நிறுத்தக் கற்றுக்கொண்ட அன்று டாக்ஸ்ஹண்ட். நீள முதுகு, குட்டைக்கால், படியேறி இறங்கியே முதுகெலும்பு நழுவிவிடும். மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பிய அன்று பக். அந்தச் சப்பை மூக்கோடு உங்கள் வீட்டு வெயிலில் மூச்சு வாங்குவதைப் பார்த்து நீங்களே அழுதுவிடுவீர்கள். டாக்டரின் ஓட்டம் நாளுக்கு நாள் மெருகேறியது. பிரேக்குவின் முகம்தான் நாளுக்கு நாள் தொங்கியது.

“அப்ப எனக்கு நாயே இல்லையா சார்?”

“யாரு சொன்னா? படத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்கன்னுதான் சொல்றேன். ஒரு நாயை ரெண்டு நாள் வீட்ல வெச்சுப் பாருங்க. வீடு என்ன சொல்லுதுன்னு தெரியும்.”

டாக்டரிடம் வழக்கமாக வரும் ஒருவர் வெளியூர் போவதாக இருந்தார். அவருடைய பீகிள் நாயைச் சனி ஞாயிறு இரண்டு நாள் பார்த்துக்கொள்ளப் பிரேக்கு வாங்கி வந்தாள். தொங்கும் காது, சோகமான கண், உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சலாம் போன்ற முகம். அப்பாகூட, “இது பரவாயில்லையே” என்றார். நாய் வந்த கொஞ்ச நேரத்தில் சொன்னது அது. அதன் பிறகு பீகிள் அவருடைய வேலைத் தொப்பியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பிய்த்துப் போட்டது. வெளியே அழைத்துப்போனபோது தரையில் மூக்கை வைத்தது வைத்ததுதான். ஏதோ ஒரு வாசனையைப் பிடித்துக்கொண்டு பிரேக்குவைச் சந்தை முழுக்க இழுத்துப்போய், கடைசியில் ஒரு இறைச்சிக்கடைப் படியில் கொண்டுபோய் நிறுத்தியது. கறிக்கடைக்காரர், “இன்னிக்கும் அரைக்கிலோவா?” என்று நாயைப் பார்த்துக் கேட்டார். அது அவருக்குப் பழக்கமாம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சற்று வெளியே போய்விட்டுத் திரும்பினால், கீழ் மாடி நர்ஸ் அக்கா வாசலில் நின்றிருந்தாள். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். கண் சிவந்திருந்தது.

“நாய் நல்லா இருக்கா? யாரோ அதோட கழுத்தை அறுக்குற மாதிரி சத்தம் கேட்டுச்சு. அதான் வந்தேன்.”

பீகிள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு தடவை ஊளையிட்டு, தான் நலமாக இருப்பதைச் சொன்னது. பிரேக்குவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாள். நாய் போன பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து தொப்பித் துணுக்குகளைப் பெருக்கியபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாள் தனக்கு எந்த நாய் பிடிக்கும் என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கள் வீடு எந்த நாய்க்குப் பிடிக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை.

அடுத்த பாடத்தில் அவள் நாயின் பெயர் எதையும் சொல்லவில்லை. வீட்டைப் பற்றி மட்டும் சொன்னாள். காலையில் நாலைந்து மணி நேரம் யாரும் இருக்க மாட்டார்கள். மத்தியானம் அம்மா வந்துவிடுவாள், வந்து ஒரு தூக்கம் போடுவாள். அப்பாவுக்குப் பயம். கீழே ஒருத்தி பகலில் தூங்க வேண்டும். கூடத்தில் நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும்.

டாக்டர் ரவுண்டானாவை அழகாகச் சுற்றி வெளியே வந்தார். “கிரேஹவுண்ட்” என்றார்.

பிரேக்கு சிரித்துவிட்டாள். “பந்தயத்துல ஓடுற நாயா? அதை நாலு எட்டுக் கூடத்துலயா?”

“ஓடும்போது காத்து மாதிரி ஓடும். கொஞ்ச நேரம். மீதி நாள் பூரா தூங்கும். குரைக்கவே யோசிக்கும். முடி குட்டை. ஊருக்கு வெளியில ஒரு இடம் இருக்கு, பந்தயத்துலேர்ந்து ஓய்வு கொடுத்த நாய்ங்களை வெச்சிருக்காங்க. மாசம் ஒரு தடவை நான் போய்ப் பாக்குறேன். வர்றீங்களா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடத்தை அங்கே போவதாகவே வைத்துக்கொண்டார்கள். டாக்டர் ஓட்ட, பக்கத்தில் பிரேக்கு. பின்சீட்டில் அப்பா. “பாக்க மட்டும்தான் வர்றேன். ஏறும்போதே சொல்லிட்டேன்” என்று வழியில் மூன்று தடவை சொன்னார். நெடுஞ்சாலையில் முதல் லாரி முந்திப்போனபோது டாக்டர் கண்ணை மூடவில்லை. அவருக்குப் பதிலாக அப்பா மூடிக்கொண்டார்.

அந்த இடத்தை நடத்தும் அம்மாள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். கம்பிவேலிக்குள் நெட்டை நெட்டையாக, விலா எலும்பு எண்ணுகிற மாதிரி பத்துப் பன்னிரண்டு நாய்கள். பிரேக்குவின் கண் நேராக மண்நிறத்தில் இருந்த ஓர் இளம் ஆண்நாய்மேல் போய் ஒட்டியது. அது துள்ளி வந்து அவள் தோளில் கால்வைத்து முகத்தை நக்கியது. வாயில் கிழிந்த பந்தைக் கவ்விக்கொண்டு வந்து போட்டது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளும் அதுவும் வேலிக்குள் நாலு சுற்று ஓடினார்கள்.

“நல்ல பையன்” என்றாள் பூட்ஸ் அம்மாள். “ஆனா இவனுக்குத் துணை வேணும். இன்னொரு நாயோ, எந்நேரமும் ஒரு ஆளோ. தனியா விட்டா கதவைப் பிராண்டிக்கிட்டே இருப்பான். உங்க வீட்ல எப்படி?”

பிரேக்குவுக்கு நர்ஸ் அக்காவின் சிவந்த கண் ஞாபகம் வந்தது. கையிலிருந்த பந்தை எறியாமல் அப்படியே நின்றாள். அது தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பொய் சொல்லிக் கூட்டிப்போய்விடலாம். ஒரு வாரம் சந்தோஷமாக இருக்கலாம். அப்புறம் இந்தப் பையன் நாலு சுவருக்குள் அழுதுகொண்டிருப்பான்.

“காலைல தனியாத்தான் இருக்கணும்” என்றாள் மெல்ல.

அப்போது பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “பாப்பா. கொஞ்சம் இங்க வா. சத்தம் போடாம வா.”

வேலிக்கு உள்ளே வரமாட்டேன் என்று வாசற்கதவு ஓரமாகவே நின்றிருந்தார் அவர். திறந்த கதவு வழியாக வந்த சாம்பல்நிறப் பெண்நாய் ஒன்று அவருக்குப் பக்கத்தில் நின்று, தன் முழு உடம்பையும் அவர் தொடையில் சாய்த்திருந்தது. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கியபடி நின்றார்.

“என்ன பண்ணுது இது?”

“சாயுறா” என்றாள் பூட்ஸ் அம்மாள்.

“எதுக்கு?”

“பிடிச்சவங்க மேல சாய்வா. அவ்வளவுதான்.”

“நான் ஒண்ணுமே பண்ணலையே.”

“அதான் பிடிச்சிருக்கு போல.”

அப்பா கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஒரு கை நாயின் கழுத்தில் பட்டுவிட்டது. எடுத்தார். திரும்ப வைத்தார். “என்ன பாப்பா இது, வெல்வெட்டு மாதிரி இருக்கு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இது முழிச்சிருக்கா, நின்னுக்கிட்டே தூங்கிடுச்சா?” என்று கேட்டார்.

தனியாக இருந்தால் இவள் என்ன செய்வாள் என்று பிரேக்கு கேட்டாள். தூங்குவாள் என்றாள் பூட்ஸ் அம்மாள். ஆள் வந்தால்? கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்குவாள். பிரேக்கு மண்நிறப் பையனிடம் போய் அவன் தலையைக் கட்டிக்கொண்டு, காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு சாம்பல்காரியின் முன்னால் மண்டியிட்டு அவள் கண்ணைப் பார்த்தாள். நீலம் இல்லை, சாதாரணப் பழுப்பு. அந்தக் கண் அவளை நிதானமாக அளந்துவிட்டு, சரி, பரவாயில்லை என்பது போல ஒரு தடவை மூடித் திறந்தது. பிரேக்குவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இவளைத்தான்” என்றாள்.

“பாக்க மட்டும்தானே வந்தோம்” என்றார் அப்பா. ஆனால் நாய் விழுந்துவிடும் என்று அவர் இன்னும் நகரவில்லை.

இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், சரிப்படாவிட்டால் கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள் பூட்ஸ் அம்மாள். வண்டி கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி, “படி மட்டும் இவ பாத்ததே இல்ல. கத்துக்குடுங்க” என்றாள்.

அதன் அருமை கட்டடத்து வாசலில்தான் தெரிந்தது. கீழ்ப்படியைப் பார்த்ததும் நாய் நான்கு காலையும் ஊன்றிச் சிலையாக நின்றுவிட்டது. ரொட்டித் துண்டைக் காட்டியபடி இறங்கிவந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தது. அசையவில்லை.

“பெரிய ஆபீசர் அம்மா மாதிரி நிக்கிறாளே” என்றாள் அம்மா. “மேடம், கொஞ்சம் மேல வர்றீங்களா?”

அன்றிலிருந்து அவள் பெயர் மேடம்.

தூக்கிப்போகலாமா என்று அப்பா கேட்டார். பிரேக்கு வேண்டாம் என்றாள். இது அவளுக்குத் தெரிந்த வேலை. படியில் உட்கார்ந்து, மேடத்தின் முன்னங்காலைப் பிடித்து முதல் படியில் வைத்தாள். “அவ்வளவுதான். இப்ப இன்னொண்ணு. அவசரமே இல்ல. பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கல.” அப்பாவைப் பின்னால் நிறுத்தி, பின்னங்காலை எடுத்து வைக்கச் சொன்னாள். வாழ்நாளெல்லாம் நாய்க்குப் பின்புறம் காட்டியே பயந்த மனிதர், அன்று நாயின் பின்புறத்துக்கு முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தார். ஏறி இறங்கிய குடித்தனக்காரர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நர்ஸ் அக்கா தன் வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, “இது சத்தமே போடலையே” என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, தானும் வந்து ரொட்டித் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் மாடிவரை ஆமைகூட இவளை முந்திவிடும். இரண்டாவது மாடி திரும்பும்போது மேடத்துக்குத் திடீரென்று சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. காது இரண்டும் பின்னால் போக, வாரைப் பிரேக்குவின் கையிலிருந்து உருவிக்கொண்டு ஒரே பாய்ச்சல். மூன்றாவது மாடியைத் தாண்டி, அதற்கு மேலும் படி இருந்ததால் அதையும் தாண்டி, மொட்டை மாடிக்கே போய்விட்டாள். பிரேக்கு மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்தால், காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவே மேடம் நின்றுகொண்டிருந்தாள், மூக்கைக் காற்றில் தூக்கி, ஊரையே விலைக்கு வாங்க வந்தவள் போல. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகுதான் இறங்குவது இன்னொரு பாடம் என்று தெரிந்தது. மேலேயிருந்து படியைப் பார்த்ததும் மறுபடி சிலை. கடைசியில் அப்பாதான் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டார். நான்கு நெட்டைக் கால்களும் மடக்கு நாற்காலி மாதிரி நான்கு திசையில் நீட்டிக்கொண்டிருக்க, ஒரு மாடி இறங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டார். மேடம் கூடத்தை ஒரு சுற்று பார்த்தாள். அப்பா வழக்கமாக உட்காரும் சோபாவில் ஏறினாள். நாலு காலையும் விரித்துப்போட்டுத் தூங்கிவிட்டாள்.

கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. முதல் நாள் அதைப் பார்த்து அப்பா பதறிவிட்டார். டாக்டருக்கு ஃபோன் போட்டு, மூச்சு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். அந்த வாரமே அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். சோபாவைத் திரும்பக் கேட்கவில்லை. இறங்கக் கற்றுக்கொள்ளத்தான் மேடத்துக்கு நாளானது. தினமும் காலையில் பிரேக்கு முன்னால் பின்பக்கமாக இறங்க, அவள் நெஞ்சில் மூக்கை முட்டுக்கொடுத்துக்கொண்டு மேடம் ஒவ்வொரு படியாக இறங்கினாள். இரண்டு வாரம் முடிந்ததும், திரும்பக் கொண்டுபோவதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பூட்ஸ் அம்மாளே ஃபோன் செய்தாள். எடுத்தது அப்பா. “ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு மனசு கேட்காமல் தானே கூப்பிட்டு, மேடம் நன்றாக இருக்கிறாள், அவளுக்கு இங்கேயே சரிப்பட்டுவிட்டது என்றார். மண்நிறப் பையனையும் விசாரித்தார். தோட்டமும் இன்னொரு நாயும் இருக்கிற வீட்டுக்கு அவன் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதும்தான் பிரேக்குவின் மனசின் ஓரத்தில் இருந்த ஒரு முள் உதிர்ந்தது.

டாக்டர் மூன்றாவது தடவையில் தேர்ச்சி பெற்றார். தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்காததால், தானே மெல்லிய குரலில் மேடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினாராம். இறங்கும்போது அதிகாரி, “அந்த நாய் படி இறங்கிடுச்சா இல்லையா?” என்று கேட்டாராம்.

அதைக் கொண்டாட, அந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிப் பள்ளியின் மைதானத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கினாள் பிரேக்கு. நாலு பக்கமும் உயரமான வேலி. வாரை அவிழ்த்துவிட்டார்கள். மேடம் சிறிது நேரம் புல்லை முகர்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, புறப்பட்டாள். அவள் ஓடுவதை அப்பாவும் பிரேக்குவும் அன்றுதான் பார்த்தார்கள். கால் தெரியவில்லை. சாம்பல்நிறமாக ஒரு கோடு மைதானத்தைச் சுற்றி இழுபட்டது, அவ்வளவுதான். அவள் பக்கத்தில் கடந்தபோது மண் தெறித்து முகத்தில் விழுந்தது. டாக்டர் கைதட்டினார். பிரேக்குவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வேகத்தை உடம்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, தங்கள் வீட்டுக் கூடத்தில் இவள் எப்படி அவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று தோன்றியது.

இரண்டு சுற்று. அப்புறம் நடந்துவந்து அப்பாவின் மேல் சாய்ந்துகொண்டாள்.

“முடிஞ்சுதா?” என்று கேட்டார் அப்பா.

முடிந்துவிட்டது. பிரேக்கு வண்டியை ஓட்ட, திரும்பும் வழியில் மேடம் பின்சீட்டில் அவர் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். கட்டடத்து வாசலில் வண்டி நின்றபோதும் எழுந்திருக்கவில்லை. எழுப்பலாமா என்று பிரேக்கு கேட்டதற்கு, அப்பா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிரேக்கு மேலே ஜன்னலில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா ஒரு தட்டில் தேநீரையும் பன்னையும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி வந்தாள். கால் மரத்துப்போன அப்பாவுக்கு ஜன்னல் வழியாகக் கோப்பையை நீட்டிவிட்டு, தானும் பிரேக்குவுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.